ஒரே ஊசி, ஊருக்கே: ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்ல இருக்கற அந்த நாலு வரி

1/ நீளமான த்ரெட். மருத்துவம் பத்திதான், ஆனா மாத்திரை பத்தி இல்ல. உங்க டாக்டரோட மேசையில இருக்கற கம்ப்யூட்டர் பத்தி. எழுதலாமா வேணாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். எழுதிடறேன். பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க.

2/ நான் ஸ்ரீரங்கத்துல கிளினிக் வெச்சிருக்கற பொது மருத்துவர். போன வருஷம் ஒரு பெண் வந்தாங்க. மனச்சோர்வு, தூக்கமின்மை, எஸ்சிட்டலோபிராம் எழுதிக் கொடுத்து நல்லா தேறிட்டு வந்தவங்க. அன்னிக்கு மருந்துக்காக வரல. ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "டாக்டர், நீங்க யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

3/ கல்யாணப் பேச்சு நின்னு போச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மாத்திரை பேரு மட்டும் இல்ல, எத்தனை மில்லிகிராம்னு வரைக்கும் சொல்லிக் கேட்டிருக்காங்க. சீட்டு இவங்க கைப்பையை விட்டு வெளிய போகல. மருந்து வாங்கினது வேற ஊர்ல. மிச்சம் இருந்தது என் கிளினிக்.
(அவங்க சம்மதத்தோடதான் எழுதறேன். அடையாளம் தெரியற விவரங்களை மாத்தியிருக்கேன்.)

4/ கிளினிக் சாஃப்ட்வேர் கொடுத்த கம்பெனிக்கு போன் போட்டேன். "தம்பி, இந்த நோயாளியோட ரெக்கார்டை யார் யார் திறந்து பார்த்தாங்கன்னு எனக்கு வேணும்."
"பார்த்ததுக்கெல்லாம் லாக் கிடையாது சார். மாத்தினதுக்கு மட்டும்தான் இருக்கும்."
"சரி, அதையாவது காட்டுப்பா."
காட்டினாரு. ஒவ்வொரு வரியிலயும் ஒரே பேரு. எஸ்ஏ. எஸ்ஏ. எஸ்ஏ.

5/ யாரு இந்த எஸ்ஏ? எங்க கிளினிக்ல அப்படி ஒரு ஆளே கிடையாது. மைக்ரோசாஃப்ட்டோட எஸ்கியூஎல் சர்வர்ங்கற டேட்டாபேஸ்ல பிறவியிலேயே வர்ற தலைமை நிர்வாகி கணக்கு அது. 'சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர்'ங்கறதோட சுருக்கம். அந்தக் கணக்குக்குத் தடையே கிடையாது. எதையும் பார்க்கலாம், மாத்தலாம், மொத்தமா அழிக்கலாம்.

6/ ரிசப்ஷன்ல டோக்கன் போடற கம்ப்யூட்டர், லேப்ல சர்க்கரை அளவு அடிக்கற கம்ப்யூட்டர், பார்மசி பில் போடறது, என் மேசையில இருக்கறது, எல்லாமே இந்த ஒரே கணக்குல, ஒரே பாஸ்வேர்ட்ல டேட்டாபேஸுக்குள்ள போயிட்டிருந்திருக்கு. 11 வருஷமா. எனக்குத் தெரியாம.

7/ கொஞ்சம் விளக்கறேன், பயப்படாதீங்க. உங்க பேரு, வயசு ஒரு அட்டவணை. நீங்க வந்த தேதிகள் இன்னொண்ணு. ரத்தப் பரிசோதனை முடிவுகள் வேறொண்ணு. இதையெல்லாம் உங்க ஓபி நம்பர் கோத்து வைக்குது. 1970-ல ஐபிஎம்ல இருந்த எட்கர் காட்ங்கறவர் எழுதின கட்டுரையிலேர்ந்து வளர்ந்த முறை இது. பேங்க்ல இருந்து ரயில் டிக்கெட் வரைக்கும் இந்த முறைதான்.

8/ அட்டவணைகள் சர்வர்ல இருக்கும். நீங்க பார்க்கற திரை வேற கம்ப்யூட்டர்ல இருக்கும். ரெண்டும் பேசிக்க ஒரு இணைப்பு வேணும். சர்வர் முகவரி, டேட்டாபேஸ் பேரு, கணக்குப் பேரு, பாஸ்வேர்ட். இந்த நாலும்தான் அடிப்படை. இதைக் கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்னு சொல்றாங்க. சாஃப்ட்வேர் போட வர்ற பையன் முதல் நாள் அஞ்சு நிமிஷத்துல அடிச்சிட்டுப் போவாரு. அதுக்கப்புறம் ஜென்மத்துக்கும் யாரும் அதைத் திறந்து பார்க்கறதில்ல.

9/ நான் திறந்து பார்த்தேன். சி டிரைவ்ல, சாஃப்ட்வேர் ஃபோல்டருக்குள்ள ஒரு சின்ன ஃபைல். நோட்பேட்ல திறக்குது. பாஸ்வேர்ட் அப்படியே எழுத்து எழுத்தா இருக்கு. கம்பெனி பேரு, பின்னாடி 123.
"தம்பி, இது எங்க கிளினிக்குக்கு மட்டுமா?"
"இல்ல சார், எல்லா கஸ்டமருக்கும் இதான். சப்போர்ட் பண்ண ஈசியா இருக்கும்."

10/ இதைப் படிக்கற டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் ஒரு கேள்வி. ஒரே ஊசியை வார்டு முழுக்க எல்லாருக்கும் போட்டு, "எங்களுக்கு ஈசியா இருக்கும்"னு ஒருத்தர் சொன்னா என்ன பண்ணுவீங்க? அந்த ஆளை அன்னிக்கே வெளிய அனுப்புவீங்க இல்ல? இங்க நாம வருஷா வருஷம் பராமரிப்புக் கட்டணம் கட்டறோம். நானும் கட்டினேன்.

11/ "சாஃப்ட்வேருக்குள்ள போக ஆளாளுக்குத் தனி லாகின் இருக்கே டாக்டர்"னு கேட்பீங்க. இருக்கு. ரிசப்ஷன்ல இருக்கறவங்க லாகின்ல நோயாளியோட குறிப்பு தெரியாது, டோக்கன் மட்டும்தான் தெரியும். நானும் அதை நம்பித்தான் நிம்மதியா தூங்கினேன். அது கதவு இல்ல. திரைச்சீலை.

12/ எப்படின்னு சொல்றேன். அன்னிக்கு ராத்திரி எல்லாரும் போனப்புறம் ரிசப்ஷன் கம்ப்யூட்டர்ல உட்கார்ந்தேன். கிளினிக் சாஃப்ட்வேரைத் திறக்கவே இல்ல. சாதா எக்செல்தான் திறந்தேன். வெளி டேட்டாபேஸ்லேர்ந்து தகவல் எடுக்கற வசதி அதுலயே இருக்கு. அந்த ஃபைல்ல இருந்த நாலையும் அடிச்சேன்.

13/ ரெண்டு நிமிஷம் கூட ஆகல. 11 வருஷத்து நோயாளிகள் எக்செல் ஷீட்ல வரிசையா வந்து நின்னாங்க. பேரு, போன் நம்பர், நோய், மாத்திரை, டோஸ். எச்ஐவி பாசிட்டிவ் வந்தவங்க. கரு கலைஞ்சவங்க. குடியை விட வந்தவங்க. நான் கம்ப்யூட்டர் படிச்சவன் இல்ல. என்னால முடியுதுன்னா யாரால முடியாது? சேமிக்காம மூடினேன். கை நடுங்குச்சு.

14/ ஸ்ரீரங்கத்துக்காரங்களுக்கு இது ஈசியா புரியும். ராஜகோபுரத்துல நுழைஞ்சு சித்திரை வீதி, உத்தர வீதின்னு ஒவ்வொரு சுத்தா தாண்டித்தான் உள்ள போறோம். ஏழு பிரகாரம். ஒவ்வொண்ணுக்கும் மதில், வாசல், காவல். பரமபத வாசல் வைகுண்ட ஏகாதசி சமயத்துல மட்டும்தான் திறக்கும். என் கிளினிக்ல என்ன நடந்துச்சுன்னா, செருப்பு விடற இடத்துலேர்ந்து நேரா உள்ள ஒரு சுரங்கம் வெட்டி, 24 மணி நேரமும் திறந்து வெச்சிருந்தோம்.

15/ இன்னொரு கொடுமை. காத்திருக்கறவங்களுக்காக வைஃபை கொடுத்திருந்தேன், ஒரு சேவைன்னு நினைச்சு. சர்வரும் அதே நெட்வொர்க்ல. அதாவது வெளிய பெஞ்சுல லேப்டாப்போட உட்கார்ந்திருக்கறவருக்கும் என் டேட்டாபேஸுக்கும் நடுவுல இருந்தது அந்த '123' மட்டும்தான்.

16/ "சின்ன கிளினிக், இதை எவன் வந்து ஹேக் பண்ணப் போறான்?"
ஆளே வர வேணாம். 2002 மே மாசம் ஸ்பைடாங்கற ஒரு புழு நிரல் இணையத்துல கிளம்புச்சு. அது தேடினது ஒண்ணே ஒண்ணுதான்: எஸ்ஏ கணக்குக்கு பாஸ்வேர்ட் வைக்காம விட்ட சர்வர்கள். சின்னது, பெருசு, பேங்க், கிளினிக்னு அதுக்குப் பேதம் தெரியாது. கதவைத் தட்டும், திறந்திருந்தா உள்ள போகும். அது நடந்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. நாம அதே எஸ்ஏ-வுக்கு '123' சேர்த்திருக்கோம். அவ்ளோதான் முன்னேற்றம்.

17/ பெரிய இடத்துல மட்டும் பத்திரமா? 2022 நவம்பர் 23, டெல்லி எய்ம்ஸ். சர்வர்களை மர்ம நபர்கள் பூட்டிட்டாங்க. நாட்டோட முதன்மை ஆஸ்பத்திரி ரெண்டு வாரம் போல கையால சீட்டு எழுதி ஓடுச்சு. 5 சர்வர்கள், சுமார் 1.3 டெராபைட் தகவல்னு அரசு நாடாளுமன்றத்துல சொன்னுச்சு. காரணமா சொன்னது: நெட்வொர்க்கை ஒழுங்கா பகுதி பகுதியா பிரிக்காதது.

18/ ஏதோ சினிமால வர்ற மாதிரி மேதாவி வித்தைன்னு சொல்லல பாருங்க. பிரகாரம் கட்டலைன்னு சொன்னாங்க. தொற்று நோய் வார்டையும் பிரசவ வார்டையும் ஒரே ஹாலா வெச்சா என்ன ஆகுமோ அதுதான் ஆச்சு.

19/ இணைப்பு அமைப்புல ரகசியம் மட்டும் இல்ல, உயிரும் இருக்கு. எனக்குத் தெரிஞ்ச ஒரு லேப்ல நோயாளி பேரைத் தமிழ்ல அடிச்சா, சேமிச்சப்புறம் வெறும் கேள்விக்குறியா வரும். "கம்ப்யூட்டருக்குத் தமிழ் வராது டாக்டர்"னாங்க. வரும். டேட்டாபேஸும் தமிழை வாங்கிக்கும். நடுவுல இருக்கற இணைப்பைப் பழைய லத்தீன் எழுத்துமுறையில செட் பண்ணிட்டா, அதுக்குத் தெரியாத ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறி போட்டுடும்.

20/ மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸா இருந்தா, அட்டவணையும் இணைப்பும் ரெண்டுமே யூடிஎஃப்8எம்பி4-ன்னு இருக்கணும். ஒரு சொல். அதைச் செய்யாம, "இங்கிலீஷ்லயே அடிங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

21/ இப்ப இது ஸ்ரீரங்கம். பாதிப் பேரு ரங்கன்தான். ரங்கநாதன், ரெங்கநாதன், ரங்கராஜன், ரெங்கராஜன், ரங்கநாயகி. இங்கிலீஷ்ல ஒருத்தர் 'ஏ' போடுவாங்க, ஒருத்தர் 'ஈ' போடுவாங்க, ஒருத்தர் 'டிஎச்', ஒருத்தர் 'டி'. ஒரே ஆள் மூணு ஆளா பதிவாகறாரு. மூணு ஆள் ஒரே ஆளா ஆகறாங்க. பென்சிலின் அலர்ஜின்னு ஒரு ரெங்கநாதன் பேர்ல இருக்கும், ஊசி போடும்போது திறக்கறது இன்னொரு ரங்கநாதன் பக்கம். இதோட விளைவு என்னன்னு டாக்டருக்குத்தான் தெரியும், செட்டிங் போட்ட தம்பிக்குத் தெரியாது. அதனாலதான் இது நம்ம வேலைங்கறேன்.

22/ அடுத்தது இன்னும் நல்லா இருக்கும். கம்ப்யூட்டருக்கும் சர்வருக்கும் நடுவுல போற தகவலைப் பூட்டி அனுப்பலாம், நடுவுல ஒட்டுக் கேட்டாலும் புரியாது. எஸ்கியூஎல் சர்வருக்கான ஓடிபிசி இணைப்பு மென்பொருள்ல இது பல வருஷம் கேட்டாத்தான் கிடைக்கும். 2022-ல வந்த 18-ம் பதிப்புலேர்ந்து கேட்காமலே பூட்டும். நல்ல மாற்றம்.

23/ நம்ம ஆளுங்க என்ன பண்ணாங்க? சர்வர்ல சரியான சான்றிதழ் இல்லாததால இணைப்பு நின்னுச்சு. உடனே ஒரு வரி சேர்த்தாங்க: 'சர்வர் எந்தச் சான்றிதழ் காட்டினாலும் நம்பு'. இணைப்பு வந்துடுச்சு, எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு. வெள்ளைக் கோட்டு போட்டுக்கிட்டு யார் வந்து நின்னாலும் டாக்டர்னு நம்பி ஆபரேஷன் தியேட்டர்ல விடற மாதிரி. போலி டாக்டர் பத்தி மேடை போட்டுப் பேசறோம், இதைப் பத்தி ஒரு வார்த்தை பேசறோமா?

24/ "பேப்பர் காலத்துல மட்டும் ரகசியம் காப்பாத்தினீங்களா?" நியாயமான கேள்வி. இல்ல, அப்பவும் கசிஞ்சுது. ஆனா பீரோவுலேர்ந்து ஒரு கேஸ் ஷீட்டைத் திருடலாம், ரெண்டைத் திருடலாம். மொத்த ஊரோட கேஸ் ஷீட்டையும் சட்டைப் பையில போட்டுக்கிட்டு, அசலும் அங்கயே இருக்க, யாருக்கும் தெரியாம வெளிய போக முடியாது. இப்ப முடியும்.

25/ "நீங்க டாக்டர் வேலையைப் பாருங்க, இதெல்லாம் ஐடி சமாச்சாரம்."
மார்ஃபின் ஊசி எப்படி வைக்கறோம்? தனி அலமாரி. பூட்டு. சாவி பொறுப்பானவர்கிட்ட. ஒவ்வொரு ஆம்பூலுக்கும் பதிவேட்டுல கையெழுத்து. அலமாரி செஞ்ச தச்சர்கிட்டயா அந்தப் பொறுப்பு? பூட்டு தச்சர் போட்டது, பதிவேடு நம்மளது. டேட்டாபேஸ் கணக்கும் அதே மாதிரிதான்.

26/ சட்டமும் நம்மகிட்டதான் கேட்குது. மனநல பராமரிப்புச் சட்டம் 2017, 23-ம் பிரிவு: மனநல சிகிச்சை எடுக்கறவரோட தகவல் ரகசியமா இருக்கறது அவர் உரிமை. எச்ஐவி சட்டமும் 2017-தான், அதுலயும் ரகசியம் கட்டாயம். எந்தச் சட்டத்துலயும் 'சப்போர்ட்டுக்கு ஈசியா இருந்தா பரவால்ல'ன்னு விதிவிலக்கு இல்ல.

27/ டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்ட்ல வந்தது. விதிகள் 2025 நவம்பர்ல வந்துடுச்சு. தகவலைப் பூட்டி வைக்கணும், யார் எதைத் தொடலாம்னு கட்டுப்படுத்தணும், யார் தொட்டாங்கங்கற பதிவை ஒரு வருஷம் வைக்கணும். தயாராக 18 மாச அவகாசம் கொடுத்தாங்க. தக்க பாதுகாப்பு செய்யாம கசிய விட்டா அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அந்தப் பணம் அந்தப் பெண்ணுக்குப் போகாது, அது வேற வயித்தெரிச்சல்.

28/ என் கோபம் அந்த சப்போர்ட் தம்பி மேல இல்ல. ஒரு நாளைக்கு எத்தனை கிளினிக்குக்குப் பதில் சொல்றாரோ. கோபம் முதல்ல, பாதுகாப்பை எல்லாம் 'பிரச்சினை வந்தா பார்த்துக்கலாம்'னு விட்டுட்டு விற்கற கம்பெனிகள் மேல. ரெண்டாவது, என் சக டாக்டர்கள் மேல. ஏசி வாங்கும்போது ஸ்டார் எண்ணிப் பார்க்கறோம். நோயாளியோட மொத்த வாழ்க்கையும் இருக்கற பெட்டியை வாங்கும்போது, "பில் வேகமா வருமா?"ன்னு மட்டும் கேட்கறோம். மூணாவது, என் மேலயே.

29/ சரி பண்ண எவ்வளவு ஆச்சு? ஒரு சனி, ஞாயிறு. துவாக்குடி என்ஐடி இருக்கற ஊரு இது, டேட்டாபேஸ் தெரிஞ்ச பிள்ளைகளுக்கா பஞ்சம்? தெரிஞ்ச பையன் ஒருத்தர் வந்து உட்கார்ந்தார். கம்பெனிக்காரங்க முதல்ல "பாஸ்வேர்ட் மாத்தினா சப்போர்ட் கிடையாது"ன்னு மிரட்டினாங்க. எழுத்துல கொடுங்கன்னு கேட்டேன். அப்புறம் அந்தப் பேச்சே வரல.

30/ என்ன மாத்தினோம்:
• எஸ்ஏ கணக்கை முடக்கியாச்சு.
• ஒவ்வொரு பிரிவுக்கும் தனிக் கணக்கு. டோக்கன் போடற கணக்கால நோய்க் குறிப்பு அட்டவணையைத் தொடவே முடியாது. எக்செல் வழியா வந்தாலும் முடியாது.
• பாஸ்வேர்ட் ஃபைல்லயே இல்ல. ஊழியர் கம்ப்யூட்டருக்குள்ள நுழையற விண்டோஸ் லாகினையே டேட்டாபேஸ் சரி பார்க்குது.

31/
• சர்வருக்கு முறையான சான்றிதழ். 'எதையும் நம்பு' வரி எடுத்தாச்சு.
• நோயாளிகளோட வைஃபை தனி, சர்வர் இருக்கற நெட்வொர்க் தனி.
• யார் எந்த ரெக்கார்டைத் திறந்தாங்கன்னு பதிவு ஓடுது. மாசம் ஒரு தடவை நானே பார்க்கறேன்.
இதுல பெரும்பாலானது ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கின டேட்டாபேஸ்லயே இருந்த வசதி. யாரும் போட்டுக் கொடுக்கல. நானும் கேட்கல.

32/ ரிசப்ஷன் அக்கா முதல்ல வருத்தப்பட்டாங்க. "எங்களைச் சந்தேகப்படறீங்களா டாக்டர்?" நான் சொன்னேன்: "இல்லக்கா. இனிமே ஏதாவது ஆச்சுன்னா உங்களை யாரும் சந்தேகப்படக் கூடாதுன்னுதான்." எல்லாரும் ஒரே சாவி வெச்சிருக்கற வீட்டுல பொருள் காணாம போனா, நிரபராதிக்குத்தான் முதல் அவமானம்.

33/ பொதுமக்களுக்கு. ஊசி போடும்போது "புதுசுதானே சிஸ்டர்?"னு கேட்கறீங்க இல்ல? இனிமே இந்த மூணையும் கேளுங்க:
• என் ரெக்கார்டை இங்க யார் யார் பார்க்க முடியும்?
• பார்த்தா அது பதிவாகுமா?
• உங்க சாஃப்ட்வேர் கம்பெனிக்கு உள்ள வர தனிச் சாவி இருக்கா, எல்லாருக்கும் ஒரே சாவியா?

34/ பதில் தெரியலைன்னு சொன்னா கோவிச்சுக்காதீங்க. போன வருஷம் என்னைக் கேட்டிருந்தா எனக்கும் தெரியாது. ஆனா அடுத்த தடவை வரும்போது மறுபடி கேளுங்க. நாலு நோயாளி கேட்டா டாக்டர் கம்பெனிக்கு போன் போடுவாரு. நாப்பது டாக்டர் போன் போட்டா கம்பெனி அந்த நாலு வரியை மாத்தும். அரசாங்கம் வந்து மாத்தும்னு காத்திருந்தா நம்ம பேரப்பிள்ளைகள் பார்க்கலாம்.

35/ சக டாக்டர்களே, நாளைக்குக் காலையில முதல் டோக்கன் கூப்பிடறதுக்கு முன்னாடி அந்த ஃபோல்டரைத் திறந்து பாருங்க. அஞ்சு நிமிஷம் போதும். எஸ்ஏ-ன்னு இருந்தா, அன்னிக்கே கம்பெனிக்கு ஒரு மெயில் போடுங்க. போன் வேணாம், எழுத்துல.

36/ யார் சொன்னாங்கன்னு கண்டுபிடிச்சீங்களான்னு கேட்பீங்க. இல்ல. கண்டுபிடிக்கவே முடியாது. 11 வருஷமும் எல்லாரும் எஸ்ஏ. என் ஊழியரா, வைஃபையில இருந்த யாரோவா, அந்தப் பாஸ்வேர்ட் தெரிஞ்ச வேற யாரோவா, சட்டப்படி ஒருத்தரையும் கை காட்ட முடியாது. தப்பு பண்ணினவர் தப்பிச்சதுக்குக் காரணம் அவர் சாமர்த்தியம் இல்ல. நான் படிக்காம விட்ட நாலு வரி.

37/ அந்தப் பெண் இப்ப வேற டாக்டர்கிட்ட போறாங்க. இதை எழுத அனுமதி கேட்டு போன் பண்ணினேன். "எழுதுங்க டாக்டர். நான் இப்ப பேரை மாத்திச் சொல்லித்தான் மருந்து வாங்கறேன்"னாங்க. பொய்ப் பேர்ல வைத்தியம் பார்க்கறவங்களுக்கு அலர்ஜி எது, பழைய மருந்து எதுன்னு அந்த டாக்டருக்கு எப்படித் தெரியும்? ரகசியம் போனா அடுத்தது சிகிச்சையும் போகும். அதான் சொல்ல வந்தேன். முடிஞ்சா உங்க டாக்டருக்கு இதை அனுப்புங்க.